தேமல் என்று விட்ட வெளிறிய திட்டுகள், இப்போது பயாப்சியில் லிம்போமா சந்தேகம்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காவேரிக்கரை

வணக்கம். தம்பிக்காக எழுதுகிறேன். அவனுக்கு 29 வயது. கல்லூரியில் படிக்கும்போதே இடுப்பைச் சுற்றியும் பிட்டத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் வெளிறிய திட்டுகள் இருந்திருக்கின்றன. உடை மறைக்கும் இடம் என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தேமல் என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறான். போட்டால் மங்கும், நிறுத்தினால் மறுபடி வரும். அப்புறம் ஒரு டாக்டர் பூஞ்சைக்கு மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் தொழுநோயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சி நன்றாகவே இருந்தது.

இப்போது திட்டுகள் மார்புப் பக்கமும் வந்துவிட்டன. புதிதாகப் பார்க்கும் தோல் மருத்துவர் இரண்டு இடத்தில் பயாப்சி எடுத்தார். "மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் ஆக இருக்கலாம், இம்யூனோ பரிசோதனை செய்து பார்க்கவும்" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தோலில் வரும் லிம்போமா என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். லிம்போமா என்றால் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டும், காய்ச்சல் வரும், உடம்பு இளைக்கும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அவனுக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை, சாயங்காலம் ஷட்டில் ஆடப் போகிறான். வெளிறிய திட்டு எப்படிப் புற்றுநோய் ஆகும்? இத்தனை வருஷம் விட்டதால் முற்றிப்போயிருக்குமா?

நெல்லை தோல்மருத்துவர்

சகோதரி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நோய் உறுதியானாலும், லிம்போமாக்களில் மிக மெதுவாக நகரும் வகைகளில் இது ஒன்று. வருஷக்கணக்கில் திட்டாகவே இருந்துவிடுவது இதன் இயல்பு.

லிம்போமா நிணநீர்க்கணுவில், அதாவது நீங்கள் சொல்லும் நெறி கட்டும் இடத்தில் மட்டும் வரும் நோய் அல்ல. லிம்போசைட் என்ற வெள்ளணு கட்டுமீறிப் பெருகுவதுதான் லிம்போமா. அந்த அணுக்கள் கணுவில் மட்டும் இருப்பதில்லை, குடலிலும் தோலிலும் எந்நேரமும் காவல் சுற்றிக்கொண்டிருப்பவை. அதனால் நோய் அங்கேயும் தொடங்கலாம். கணுவுக்கு வெளியே தொடங்கும் லிம்போமாக்களில் இரைப்பை, குடல் பகுதிக்கு அடுத்த இடம் தோலுக்குத்தான்.

தோல் மூன்று விதமாக லிம்போமாவைக் காட்டிக்கொடுக்கும். முதலாவது, நோய் தோலிலேயே பிறப்பது. அதில் அதிகம் காணப்படுவது உங்கள் தம்பிக்குச் சந்தேகப்படும் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். இரண்டாவது, உள்ளே கணுவில் இருக்கும் லிம்போமா பரவித் தோலில் வந்து உட்காருவது. சிவப்பாகவோ ஊதா நிறமாகவோ, கெட்டியாக, வலியில்லாத முடிச்சுகளாக இருக்கும். மூன்றாவது விதத்தில் தோலில் புற்றணு ஒன்றுகூட இருக்காது. உள்ளே இருக்கும் நோயின் தாக்கத்தால் தோல் மட்டும் மாறும்: காரணம் பிடிபடாத அரிப்பு, நடுவயதில் திடீரென மீன்செதில்போல் தோல் வறண்டு வெடிப்பது, ஆறாத வாய்ப்புண்ணோடு உடம்பில் கொப்புளங்கள். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி பயம் வருகிறது. உங்கள் தம்பியினுடையது முதல் விதம்.

கறுத்த, மாநிறத் தோலில் இந்த நோய் வெளிறிய திட்டாகத் தொடங்குவது நன்றாகத் தெரிந்த விஷயம். வெள்ளைத் தோலில் சிவப்புத் திட்டாக வருவதைத்தான் பழைய பாடப்புத்தகப் படங்கள் அதிகம் காட்டின. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, இளைஞர்களுக்குப் பெரும்பாலும் வெளிறித்தான் வரும். தேமல், வெண்புள்ளி, தொழுநோய், சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தில் வரும் வறட்டுத் திட்டு, இவற்றில் ஏதாவது ஒன்றாகவே முதலில் தோன்றும். ஆனால் இப்படி வெளிறி வரும் வகை மற்ற வகைகளைவிட நல்லபடியாகவே போகும்.

தொழுநோய்க்குச் சோதித்த டாக்டர் செய்தது மிகச் சரி. நம் நாட்டில் வெளிறிய திட்டைப் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். மரத்துப் போயிருக்கிறதா, முழங்கைப் பக்கம் நரம்பு தடித்திருக்கிறதா, திட்டில் முடி உதிர்ந்திருக்கிறதா, வியர்வை நின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் திட்டு வருஷக்கணக்கில் நின்றால் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

ஈரோடு சுந்தரி

காவேரிக்கரை அக்கா, எனக்கு இதே நோய் இருக்கிறது. கண்டுபிடித்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. வேலைக்குப் போகிறேன், பிள்ளைகளைப் பார்க்கிறேன், இதோ உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இடுப்பிலும் மார்பின் அடிப்பக்கத்திலும் இருந்தது. புடவை கட்டும் இடம் என்பதால் பாவாடை நாடா அழுத்தம் என்றார்கள், சோப்பு ஒவ்வாமை என்றார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் மெல்லிசாக, நைந்துபோன துணிபோலச் சுருங்கித் தெரியும். விரலால் நீவினால் நுண்ணிய செதில் உதிரும். அரிப்பு ராத்திரியில்தான்.

பயாப்சியை நினைத்து நான் பயந்ததுபோல் தம்பி பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பேனா மாதிரி ஒரு கருவியால் சுற்றி அழுத்தி, பச்சைப் பட்டாணியைவிடச் சின்னத் துண்டு எடுத்து ஃபார்மலின் பாட்டிலில் போட்டார்கள். ஒரு தையல். குளிக்கும்போது நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வைகைக்கரை பாண்டி

எல்லோரும் பயாப்சி எடு எடு என்கிறீர்கள். எங்கள் பெரியப்பாவுக்குக் கட்டியில் கத்தி வைத்த பிறகுதான் மளமளவென்று பரவியது. குடும்பத்தில் இன்றைக்கும் அந்த வருத்தம் போகவில்லை. தோலில் ஒரு திட்டுதானே, கத்தி படாமல் மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாமே? அதோடு இவருக்கு ரிப்போர்ட்டில் "இருக்கலாம்" என்றுதானே போட்டிருக்கிறான்? வெட்டி எடுத்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் வெட்டுவது எதற்கு?

திசுவியல் மாணவன்

பாண்டி அண்ணா, பெரியப்பா விஷயம் கேட்க வருத்தமாக இருக்கிறது. ஆனால் தோலில் இருந்து நாலைந்து மில்லிமீட்டர் எடுப்பதால் இந்த நோய் பரவுவதில்லை. முற்றிய பிறகே கத்தி வைக்கப்பட்ட நோய்களில், அடுத்து நடந்ததெல்லாம் கத்தியால் நடந்ததாகத் தெரிவது இயல்புதான்.

//"இருக்கலாம்" என்றுதானே போட்டிருக்கிறான்?//

இதற்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். நான் நோய்க்குறியியல் படிக்கிறேன், தோல் ஸ்லைடுகள் தினமும் கண்ணில் படும். ஆரம்பநிலை மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் ஸ்லைடு பார்ப்பவரைத் திணறடிக்கும். எக்ஸிமாவிலும் தோலுக்குள் லிம்போசைட்டுகள் வரும், இதிலும் வரும். எக்ஸிமாவில் மேல்தோல் செல்களுக்கு இடையே நீர் கோத்து உப்பியிருக்கும், அந்த உப்பலின் நடுவே லிம்போசைட்டுகள் கிடக்கும். இதில் உப்பலே இல்லாமல் லிம்போசைட்டுகள் மேல்தோலுக்குள் ஏறியிருக்கும். அடிவரிசையை ஒட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் சின்ன வெள்ளை வளையத்தோடு வரிசையாக நிற்கும். கருவின் ஓரம் மடிப்பு மடிப்பாக, வழக்கத்தைவிடக் கறுப்பாக இருக்கும். சில ஸ்லைடுகளில் அவை கும்பலாக மேல்தோலுக்குள் கூடியிருக்கும், போத்ரியே நுண்கட்டி என்று அதற்குப் பெயர். அது தெரிந்தால் பெரிய துப்பு. ஆனால் ஆரம்பத்தில் பல பேருக்கு அது இருப்பதே இல்லை.

அதனால்தான் இம்யூனோ சோதனை. சிடி3, சிடி4, சிடி8, சிடி7 என்று செல்லின் மேலிருக்கும் அடையாளங்களைச் சாயமேற்றிப் பார்ப்போம். டி-செல் என்பது லிம்போசைட்டில் ஒரு வகை, இந்த நோய் அதில்தான் பிறக்கிறது. சாதாரண டி-செல்லில் இருக்க வேண்டிய சிடி7 காணாமல் போயிருந்தால் சந்தேகம் கூடும். வெளிறிய வகையில் சிடி8 செல்கள் மிகுந்திருப்பது அடிக்கடி காண்பது. அதற்கும் மேலே டி-செல் ரிசெப்டர் மரபணு சோதனை இருக்கிறது. எல்லா செல்லும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையா என்று அது சொல்லும். அதுவும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது, சில சாதாரண அழற்சிகளிலும் அப்படி வரும். திட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். படிவத்தில் "தோல் திட்டு" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினால் எங்களுக்கும் கை கட்டிப்போடுகிற மாதிரிதான்.

இன்னொன்று. பயாப்சி எடுக்கும் இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரமாவது ஸ்டீராய்டு களிம்பு போடாமல் இருக்க வேண்டும். களிம்பு அந்த லிம்போசைட்டுகளைத்தான் முதலில் விரட்டும். நோய் அங்கேயே இருக்கும், ஸ்லைடு மட்டும் வெறிச்சென்று இருக்கும். தம்பி அதைக் கடைப்பிடித்தாரா?

காவேரிக்கரை

கேட்டுவிட்டேன். இந்த டாக்டர் முன்கூட்டியே எல்லாக் களிம்பையும் நிறுத்தச் சொல்லித்தான் எடுத்திருக்கிறார். ஆனால் போன வருஷம் வேறொரு இடத்தில் எடுத்த பயாப்சி "நாட்பட்ட அழற்சி" என்று வந்தது, அப்போது தினமும் களிம்பு போட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் கொடுத்த டியூபைப் படம் எடுத்து அனுப்பினான். குளோபெட்டசால், ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக், மூன்றும் ஒரே டியூபில்.

நெல்லை தோல்மருத்துவர்

அந்த மூன்று-ஒன்று டியூப் இல்லாமல் என் ஓபி ஒரு நாளும் நடந்ததில்லை. குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. ஆனாலும் "படைக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டால் கைக்கு வந்துவிடுகிறது. படர்தாமரை இருந்தால் அதை உருமாற்றிவிடும், இந்த நோய் இருந்தால் மறைத்துவிடும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கவும் செய்யும்.

போன வருஷ ரிப்போர்ட் தவறு என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு ஸ்லைடில் இருந்ததை எழுதியிருக்கிறார்கள். திட்டு தோன்றிய நாளிலிருந்து நோய் உறுதியாகும்வரை வருஷங்கள் ஆவது உலகம் முழுக்க நடப்பது. சராசரியாக மூன்று முதல் ஆறு வருஷம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பத்து வருஷம் தாண்டியவர்களும் உண்டு. சந்தேகம் நிற்கிறவரை, வேறு வேறு இடத்தில், சில மாத இடைவெளியில் மறுபடி எடுப்பதுதான் வழி.

கிராமத்து எம்பிபிஎஸ்

டாக்டர், மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தேமல், படை, சொறி, கரப்பான் என்று வருகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்குத் தேமல் உள்ள ஒவ்வொருவரும் "எனக்கு லிம்போமாவா" என்று பயந்து போனால் யாருக்கு நன்மை? அரிதான நோய் இது. எல்லாரையும் பயாப்சிக்கு அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. பயத்தை விதைக்கும் முன் எல்லை எங்கே என்று சொல்லுங்கள்.

நெல்லை தோல்மருத்துவர்

சரியான கேள்வி. இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

தேமல் மார்பிலும் முதுகிலும் கழுத்திலும், வியர்க்கும் இடங்களில் வரும். நகத்தால் கீறினால் பொடிப்பொடியாகச் செதில் வரும், அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பூஞ்சை தெரியும். உரிய மருந்துக்குச் செதில் போய்விடும், நிறம் திரும்பத்தான் மாதங்கள் ஆகும். படர்தாமரைக்கு ஓரம் மேடாக, நடு தெளிந்து வட்டமாகப் பரவும். சொரியாசிஸ் முழங்கை, முழங்கால், தலை என்று உரசும் இடங்களைத் தேடிப் போகும், செதில் தடிமனாக இருக்கும். எக்ஸிமா முழங்கை மடிப்பையும் முழங்கால் பின்புறத்தையும் பிடிக்கும், பெரும்பாலும் சின்ன வயதில் தொடங்கியிருக்கும்.

மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் வெயில் படாத இடங்களை விரும்பும். பிட்டம், இடுப்பு, தொடையின் மேல்பகுதி, மார்பு, அக்குளை ஒட்டிய பகுதி. திட்டுகள் ஒரே அளவில் இருக்காது, ஒரே நிறத்திலும் இருக்காது. அதே இடத்தில் நிலைத்து நிற்கும், மெல்லப் பெரிதாகும்.

ஒரே ஒரு திட்டு, ஒரே ஒரு மாதம் என்றால் நான் பயாப்சி எடுப்பதில்லை. சரியான மருந்தைச் சரியான காலம் போட்டும் மாதக்கணக்கில் அசையாத திட்டு, உடை மறைக்கும் இடத்தில் பலவாக இருப்பது, எக்ஸிமா வரலாறே இல்லாத ஒருவருக்கு அறுபது வயதுக்கு மேல் புதிதாக வரும் "எக்ஸிமா", திட்டு தடித்து மேடாகிப் புண்ணாவது, உடம்பு முழுக்கச் சிவந்து தோல் உரிவது, இவற்றில் ஒன்று இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் செய்ய வேண்டியது பயாப்சி அல்ல டாக்டர். மூன்றாவது முறையாக அதே திட்டோடு வருகிறவருக்கு அதே களிம்பை எழுதாமல் மேலே அனுப்பினால் போதும்.

கிராமத்து எம்பிபிஎஸ்

இதை ஏற்றுக்கொள்கிறேன். "மூன்றாவது முறை" என்பது எங்கள் ஓபியில் கடைப்பிடிக்கக்கூடிய விதி. ஆனால் அரிப்பைப் பற்றியும் எல்லை சொல்லிவிடுங்கள். அரிப்பென்றால் எங்களுக்குச் சொறிதான் முதலில், குடும்பத்தோடு மருந்து பூசச் சொல்லி அனுப்புவோம்.

கிள்ளான் ரவி

டாக்டர் பதில் சொல்லும் முன் எங்கள் வீட்டு அனுபவம். அக்கா மகளுக்கு 22 வயது இருக்கும்போது உடம்பெல்லாம் அரிப்பு. தடிப்பு கிடையாது, சொறிந்த கோடுகள் மட்டும். இரண்டு காலும் ரத்தம் வரும்வரை சொறிவாள். சொறிக்கு மருந்து வீட்டில் எல்லோரும் பூசினோம், மெத்தை மாற்றினோம், ஒவ்வாமை மாத்திரை சாப்பிட்டுத் தூங்கி வழிந்துகொண்டே வகுப்புக்குப் போனாள். கடைசியில் இருமல் என்று போனபோது ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சின் நடுவில் நிழல். ஹாட்ஜ்கின் லிம்போமா. கீமோ தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அரிப்பு நின்றது. இப்போது நன்றாக இருக்கிறாள், கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் அந்த எக்ஸ்ரேயை அரிப்புக்காக யாரும் எடுக்கச் சொல்லவில்லையே என்று அக்காவுக்கு இன்றும் ஆறவில்லை.

நெல்லை தோல்மருத்துவர்

ரவி சார் சொன்னது நான் முதலில் எழுதிய மூன்றாவது விதம். ஹாட்ஜ்கின் நோயில் அரிப்பு பழங்காலத்திலிருந்தே தெரிந்த அறிகுறி. ஆனால் 1971-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கூடி நோயின் நிலைகளை வகுத்தபோது காய்ச்சல், உடையை நனைக்கும் இரவு வியர்வை, ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைவது ஆகிய மூன்றைத்தான் 'பி' அறிகுறிகளாக வைத்துக்கொண்டார்கள், அரிப்பைச் சேர்க்கவில்லை. நோயின் வேகத்தை அது அந்த அளவுக்குக் காட்டவில்லை என்பதுதான் காரணம். அதைப் படித்துவிட்டு அரிப்புக்கும் லிம்போமாவுக்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் துப்பாக அரிப்பு மட்டுமே வருபவர்கள் உண்டு.

எல்லை கேட்டீர்கள். சொறி என்றால் விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் பரு போன்ற தடிப்புகள் இருக்கும், வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கும். உள்நோயால் வரும் அரிப்பில் தோலில் முதலில் எதுவும் இருக்காது, சொறிந்ததால் வந்த கோடுகளும் கறுப்பும் மட்டும்தான். முதுகைத் திருப்பிப் பாருங்கள். கை எட்டாத நடுமுதுகு மட்டும் சுத்தமாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஆறு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரத்த எண்ணிக்கை, ஈஎஸ்ஆர், சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்து, மார்பு எக்ஸ்ரே. இவை எல்லாம் மாவட்ட மருத்துவமனையிலேயே கிடைப்பவை. பெரும்பாலோருக்கு இரும்புக் குறைவோ, மஞ்சள் காமாலையோ, சிறுநீரகமோ, வெறும் வறண்ட தோலோதான் காரணமாக இருக்கும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு மூன்றையும் கையால் தடவிப் பார்க்காமல் அனுப்பக்கூடாது.

டொராண்டோ தேவகி

அப்பாவின் கதை நீங்கள் சொன்ன "அறுபதுக்கு மேல் எக்ஸிமா" தான். யாழ்ப்பாணத்தில் இருக்கும்வரை ஒரு தோல் வருத்தமும் இல்லாத மனிதர். இங்கே வந்து பல வருஷத்துக்குப் பிறகு உடம்பெல்லாம் சிவந்து அரித்தது. எக்ஸிமா என்று சொல்லி டூபிலுமாப் ஊசி தொடங்கினார்கள். முதல் சில கிழமை நல்ல சுகம், பிறகு முன்னைவிட மோசம். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடித்தன. இரண்டாவது மருத்துவர்தான் ஊசியை நிறுத்தி, தோலில் பயாப்சியும் ரத்த அணுக்களின் அடையாளங்களைப் பார்க்கும் ஃப்ளோ சோதனையும் செய்தார். செசரி நோய் என்று வந்தது, அதுவும் தோல் லிம்போமாவில் ஒரு வகையாம். அந்த ஊசியாலேதான் வந்ததோ என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா.

நெல்லை தோல்மருத்துவர்

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். எக்ஸிமா என்று நினைத்து டூபிலுமாப் கொடுத்த பிறகு தோல் லிம்போமா வெளிப்பட்டவர்களைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தொடக்கத்திலிருந்தே லிம்போமாதான் இருந்தது, ஊசி அதை வெளியே கொண்டுவந்தது என்பதே பலருடைய கருத்து. சொரியாசிஸ் என்று நினைத்து சைக்ளோஸ்போரின் கொடுத்தும் இதே மாதிரி நடந்திருக்கிறது. நோய் எதிர்ப்பைத் தொடும் மருந்தை வயதானவருக்குத் தொடங்கும் முன், படம் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்தாலும் ஒரு பயாப்சி எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

காவேரிக்கரை சகோதரி இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். செசரி வேறு வேகம். அதில் நோயணு ரத்தத்திலும் ஓடும், உடம்பு முழுதும் சிவக்கும். உங்கள் தம்பிக்கு இருப்பது அந்தப் படம் அல்ல.

காவேரிக்கரை

இம்யூனோ ரிப்போர்ட் வந்துவிட்டது. மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் உறுதி. சிடி8 வகை என்று போட்டிருக்கிறது. கணு எதுவும் தட்டுப்படவில்லை, ரத்தம் சரியாக இருக்கிறது. 1ஏ நிலை என்றார் டாக்டர். களிம்பும் ஒளி சிகிச்சையும் போதும் என்கிறார். வீட்டில் இப்போது அதுதான் சண்டை. சித்தப்பா "புற்றுநோய்க்குக் களிம்பா? உடனே கீமோ கொடுத்து அடியோடு ஒழிக்க வேண்டாமா?" என்கிறார். ஸ்கேன்கூட எடுக்கவில்லையே என்று அவருக்கு ஆதங்கம்.

நெல்லை தோல்மருத்துவர்

1ஏ என்றால் திட்டுகள் உடம்பின் பரப்பில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. தம்பியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, கிட்டத்தட்ட ஒரு சதவீதம். அதை வைத்து நீங்களே கணக்குப் பார்க்கலாம். இந்த நிலையில் இருப்பவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை ஒத்தே இருக்கிறது. கணுவும் தட்டுப்படாமல், திட்டும் தடிக்காமல் இருக்கும்போது ஸ்கேனில் ஏதும் கிடைப்பது அரிது, அதனால்தான் எடுக்கவில்லை.

சித்தப்பாவின் கேள்வியை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் கேட்டது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 103 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தொடக்கத்திலேயே முழு உடல் எலக்ட்ரான் கதிர்வீச்சோடு கூட்டுக் கீமோ, மறு பாதிக்குத் தோலுக்கான மென்மையான சிகிச்சை படிப்படியாக. 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் மறைந்தது அதிகம், ஆனால் அவர்கள் அதனால் கூடுதலாக வாழவில்லை. பக்கவிளைவுகளைத்தான் கூடுதலாகப் பட்டார்கள். அன்றிலிருந்து ஆரம்பநிலைக்குத் தோல் சிகிச்சைதான் வழி. திட்டு கட்டியாக மாறினால், கணுவுக்குப் போனால் அப்போது மற்ற ஆயுதங்கள் இருக்கின்றன: கதிர்வீச்சு, மெத்தோட்ரெக்சேட், இன்டர்ஃபெரான், பிரென்டக்ஸிமாப், 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மொகாமுலிசுமாப். இதைச் சித்தப்பாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

ஈரோடு சுந்தரி

ஒளி சிகிச்சை எப்படி இருக்கும் என்று தம்பிக்குச் சொல்லுங்கள் அக்கா. ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு பெட்டி, சுற்றிலும் டியூப்லைட்டுகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பை மூடச் சொல்வார்கள். கதவைச் சாத்தினால் ஊதா கலந்த வெளிச்சம், மின்விசிறிச் சத்தம், கொஞ்சம் வெப்பம். முதலில் மிகக் கொஞ்ச நேரம், ஒவ்வொரு தடவையும் சிறிது கூட்டுவார்கள். வாரம் இரண்டு மூன்று முறை போக வேண்டும், மாதக்கணக்கில். கடினம் அங்கேதான். வேலையும் பஸ்ஸும் வீட்டுச் சமையலும் நடுவில் வந்து நிற்கும். எனக்குத் திட்டின் ஓரத்திலும் முடிக்காலிலும் புள்ளி புள்ளியாக நிறம் திரும்பத் தொடங்கியபோதுதான் நம்பிக்கை வந்தது.

நிறுத்திய பிறகு ஒரு தடவை திரும்ப வந்தது. மறுபடி போனேன், மறுபடி அடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாதிரி கூடவே வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டிய நோய் என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

வைகைக்கரை பாண்டி

சுந்தரி அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் வாதத்தை விடுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். அந்த ஒளி வெயில்தானே? மொட்டை மாடியில் வெயிலில் நின்றால் ஆகாதா?

நெல்லை தோல்மருத்துவர்

ஆகாது தம்பி. பெட்டிக்குள் வருவது 311 நானோமீட்டரை ஒட்டிய ஒரு குறுகிய அலைவரிசை மட்டும், அளவு பார்த்து ஏற்றுவது. வெயிலில் எல்லாம் கலந்து வரும், அளவும் கிடையாது. பிட்டத்துக்கும் இடுப்புக்கும் வெயில் காட்டவும் முடியாது.

காவேரிக்கரை

கடைசியாக ஒன்று. தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். இது தொற்றுமா, பிள்ளைகளுக்கு வருமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா என்று அம்மா கேட்கிறார்.

நெல்லை தோல்மருத்துவர்

தொற்றாது. ஒரே துண்டு, ஒரே படுக்கை, தாம்பத்தியம் எதனாலும் பரவாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் நோயாகவும் இது எண்ணப்படுவதில்லை. ஒளி சிகிச்சையும் களிம்பும் மட்டும் எடுக்கும்வரை குழந்தைப் பேற்றுக்குத் தடையில்லை. பின்னால் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரை தேவைப்பட்டால், குழந்தை வேண்டும் என்ற எண்ணத்தை முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பெண் வீட்டில் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. மறைத்துக் கட்டிவைத்தால் வாரம் இருமுறை எங்கே போகிறார் என்ற கேள்வி முதல் மாதமே வரும். வேண்டுமானால் பெண்ணையும் அவர் அப்பாவையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்படிப் பல குடும்பங்களோடு பேசியிருக்கிறேன்.

திசுவியல் மாணவன்

அக்கா, போன வருஷ பயாப்சித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக் அந்த ஆய்வகத்தில் இன்னும் இருக்கும். பழைய ரிப்போர்ட் எண்ணோடு போய்க் கேட்டு வாங்குங்கள், ஸ்லைடுகளையும் சேர்த்து. இப்போதைய பிளாக்கையும் வாங்கி, இரண்டையும் ஒரே கவரில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் அது தம்பியோடு போக வேண்டும். சிகிச்சை தொடங்கும் முன் எல்லாத் திட்டுகளையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் நின்று மாதம் ஒரு முறை எடுத்தால் போதும்.

காவேரிக்கரை

நாளைக்கே அந்த ஆய்வகத்துக்குப் போகிறேன். திங்கட்கிழமை முதல் ஒளி சிகிச்சை தொடங்குகிறது. சித்தப்பாதான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.